கறுத்த இருவாச்சியும் வெளுத்த கொக்கும்

சிங்கப்பூரின் சாங்கியில் ஒரு மொட்டைக் கிளையில் இருவாச்சி வந்து உட்கார்ந்தது. நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் கணினியில் திறந்தால், நாற்பதிலும் வெள்ளை வானத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டியதுபோல் ஓர் உருவம். அலகின் மஞ்சள்கூட இல்லை. அடுத்த வாரம் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் சின்னக் கொக்கு. அதுவோ சுண்ணாம்புக் கட்டி!

லென்ஸை மாட்டத் தெரிந்திருக்கும் என்பதால் நேராகப் பறவைப் படத்துக்கான கேமரா அமைப்புகளுக்குப் போகிறேன்.

முதலில் டயலை எம்மில் (மேனுவல்) வையுங்கள். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 6400 ஆக்குங்கள். அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எவ்வளவு அகலத் திறக்குமோ அவ்வளவு. உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு ஷட்டர் 1/500 நொடி போதும், பறப்பவற்றுக்கு 1/2000. ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். இலைகளுக்குள் ஒளிந்த பறவைக்கு மட்டும் ஒற்றை ஃபோகஸ் புள்ளி, இல்லையேல் முன்னால் நீட்டிய குச்சிதான் துல்லியமாக விழும்.

அடுத்தது எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டுவது அல்லது குறைப்பது. நான் சறுக்கிய இடம் இதுதான். கறுப்புப் பொருளுக்குக் குறை, வெள்ளைக்குக் கூட்டு என்று எங்கோ படித்து, இருவாச்சிக்கு -1, கொக்குக்கு +1 வைத்திருந்தேன். பொருள் சட்டகத்தை நிறைத்தால் அந்த விதி சரி. பறவையோ ஒரு மூலையில்தான் இருக்கிறது. கேமராவின் ஒளிமானி மொத்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வானம் நிறைந்திருந்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். சதுப்புநிலக் காட்டின் நிழல் நிறைந்திருந்தால் வெளிச்சமாக்கும். ஆகவே பறவையின் நிறத்தை மறந்து பின்னணியைப் பாருங்கள். வானம் என்றால் +1 முதல் +2 வரை. இருண்ட நிழலில் வெண்கொக்கு என்றால் -1. ஒரு படம் எடுத்தவுடன் திரையில் வெண்மை மினுக்குகிறதா என்று பாருங்கள்; மினுக்கினால் அங்கே விவரம் அழிந்துவிட்டது. முழுக்க வெந்துபோன வெள்ளையை, கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்துகூட மீட்க முடியாது.

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் வியர்க்கும். துடைத்துப் பயனில்லை; அரை மணி நேரம் பைக்குள்ளேயே வைத்திருங்கள். முக்காலி எனக்குப் பிடிக்காது. நடைபலகையில் யாராவது நடந்தாலே ஆடும், திரும்பவும் முடியாது. கையில் பிடிக்கக்கூடிய 100-400 மி.மீ. லென்ஸ் போதும். பத்து மணிக்குமேல் சேற்றுப் பரப்பில் கானல் எழும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் தோற்கும். கரைப்பறவைகள் வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் மார்ச் வரை போங்கள். தீனி போட்டு வரவழைக்காதீர்கள், காட்டுயிர்களுக்கு உணவளிப்பது இங்கே குற்றம்.

பின்சேர்க்கை: "அண்ணா, -1 வைத்தும் கொக்கு அப்படியேதான் வருகிறது" என்று இதைப் படித்த தம்பி ஒருவர் எழுதினார். அரை நாள் குழம்பினேன். அவர் ஐஎஸ்ஓவை 800இல் பூட்டியிருந்தார். எம்மில் ஷட்டர், அப்பெர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் நாமே பூட்டிவிட்டால் கேமராவுக்கு மாற்ற எதுவும் மிச்சமில்லை. திரையில் வெளிச்சத்தைக் காட்டும் அளவுகோலின் முள் மட்டும் நகரும். ஆட்டோவுக்கு மாற்றினார். கொக்குக்கு இறகு வந்துவிட்டது.