வெள்ளம் புகுந்த கிணற்றைத் துப்புரவாக்குதல்: திருகோணமலைத் தொண்டர்களுக்கு

வெள்ளம் வடிந்ததும் உலர் உணவுப் பொதிகள் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். பவுசர் தண்ணீரும் சில நாட்களுக்கு வரும். அதற்குப் பிறகு சனம் கிணற்றடிக்குத்தான் போகும். மலைநாட்டில் மண் சரியும்போது கரைகிற களி மகாவலியோடு இறங்கி மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலங்களில் படிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டும் உடைந்தது. அப்படி வருகிற தண்ணீரில் களியோடு மலக்குழிக் கழிவும் செத்த ஆடுமாடும் சேர்ந்திருக்கும்.

முதலில் பொறுங்கள். கிணற்றைச் சுற்றி மண் இன்னும் ஊறிக் கிடந்தால், இறைத்த அழுக்குத் தண்ணீர் மறுநாளே உள்ளே திரும்பிவிடும். வளவில் தேங்கிய நீர் வற்றி, கிணற்று மட்டமும் இறங்கத் தொடங்கிய பிறகு வேலையை ஆரம்பியுங்கள். கோயில், பள்ளிவாசல், பாடசாலைக் கிணறுகள் முதலில். வீட்டுக் கிணறுகள் பிறகு. துப்புரவாகாத கிணற்றில் ‘குடிக்க வேண்டாம்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் பெயின்ட்டால் எழுதுங்கள். 50 அடிக்குள் மலக்குழி இருந்தால், துப்புரவாக்கிய பிறகும் அந்தத் தண்ணீர் குளிக்க, கழுவ மட்டும்தான்.

மிதக்கும் குப்பையை வாளியாலும், அடியில் கிடப்பதைப் பாதாளக் கரண்டியாலும் எடுங்கள். உள்ளே ஆள் இறங்க வேண்டாம். அழுகும் பொருட்கள் கிடக்கும் கிணற்றில் ஒட்சிசன் குறைந்திருக்கலாம். மெழுகுதிரியை இறக்கிப் பார்க்கும் சோதனையை நம்ப முடியாது. பெற்றோல் பம்மைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகையில் காபனோரொட்சைட்டு என்ற மணமில்லாத நச்சு வாயு உண்டு; உள்ளே இருப்பவர் கூப்பிடுவதற்கு முன்பே மயங்கிவிடுவார். பம்மைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி, காற்று புகையை அப்பால் கொண்டுபோகும் பக்கத்தில் வையுங்கள்.

அதிகம் பிழை நடக்கிற இடம் இறைப்பதில்தான். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா போன்ற மணற்பாங்கான கரையோரங்களில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பைப் போக்குவதற்காகக் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் கீழிருந்த உவர்நீர்தான் மேலேறியது. ஊறிய மண் வெளியிலிருந்து அழுத்தும்போது கிணற்றை ஒரேயடியாக வெறுமையாக்கினால், கொங்கிறீற் வளையங்கள் விலகிச் சுவர் உள்ளே சரியவும் கூடும். ஆகவே மெதுவாக இறையுங்கள், இடையில் நிறுத்தி ஊறவிடுங்கள். மணல் வரத் தொடங்கினால் பம்மை நிறுத்துங்கள். ஒரு நாளில் இருபது கிணறு முடித்தோம் என்று கணக்குக் காட்டுகிற அணிகள் பெரும்பாலும் இந்தப் பொறுமையைத்தான் விட்டுவிடுகின்றன. உறிஞ்சு குழாயின் வாயில் வலை கட்டுங்கள். களியும் இலையும் அடைத்துப் பம் சூடேறுவது வழமை. இறைத்த தண்ணீர் திரும்பக் கசியாதபடி ஓஸை நீட்டித் தொலைவில் விடுங்கள்.

தெளிந்த தண்ணீர் ஊறிய பிறகுதான் குளோரின். கலங்கலில் போட்ட குளோரினைக் களியே தின்றுவிடும், கிருமி தப்பிவிடும்.

கிணற்றில் எவ்வளவு தண்ணீர் என்ற கணக்கை அடி அளவில் போடுவது சுலபம். வட்டக் கிணற்றுக்கு விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 22 = லீற்றர். 5 அடி விட்டம், 7 அடி நீர் என்றால் 3,850 லீற்றர். சதுரக் கிணற்றுக்கு நீளம் × அகலம் × ஆழம் × 28. ஒவ்வோர் 1,000 லீற்றருக்கும் 65 – 70 சதவீதக் குளோரின் தூள் 25 கிராம். ஏறத்தாழ 30 சதவீதமுள்ள சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் 60 கிராம். மேலே சொன்ன கிணற்றுக்கு முறையே சுமார் 100 கிராமும் 230 கிராமும் வரும். திறந்து கிடந்த பழைய தூள் வீரியம் இழந்திருக்கும். முத்திரை உடையாததை வாங்குங்கள்.

தூளை அப்படியே கிணற்றில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். வாளித் தண்ணீர் 20 லீற்றருக்கு 50 கிராம் பலமான தூள், அல்லது 120 கிராம் சாதாரண தூள். கையுறையும் கண்ணாடியும் போட்டு, திறந்த வெளியில் கலக்குங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல்தெளிவை மட்டும் சுவரைச் சுற்றி ஊற்றி, வாளியை விட்டு விட்டு இழுத்துக் கிணற்று நீரைக் கலக்குங்கள். குறைந்தது 30 நிமிடம், முடிந்தால் ஓர் இரவு விடுங்கள். அதுவரை யாரும் அள்ளக் கூடாது. பிறகு மெதுவாக இறைத்து, மிச்சக் குளோரின் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவு என்று பரிசோதனைப் பெட்டி காட்டியதும் நிறுத்துங்கள்.

இது அன்றைய தண்ணீருக்கான மருந்து மட்டுமே. நாளை ஊறும் நீரில் குளோரின் இருக்காது. உப்பையும் டீசலையும் அது போக்காது. டீசல் மணக்கும் கிணற்றைக் குடிக்கப் பயன்படுத்தவே வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மாதிரி எடுத்து முடிவு சொல்லும்வரை, குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதித்து எழும்பிய பின்னும் ஒரு நிமிடம் அடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் அபாயம் உள்ளதால் காலில் காயமுள்ள தொண்டரைச் சேற்றில் இறக்க வேண்டாம்.

மிஞ்சிய குளோரின் தூளை பெற்றோல், மண்ணெண்ணெய்க் கலன்களோடு ஒரே வாகனத்தில் ஏற்றாதீர்கள். கலந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம்.