வேட்டை நீர்வண்டுகளைத் தொட்டியில் வளர்க்க

பெரிய நீர்வண்டு ஒன்றுக்கு 10 லிட்டர் குளோரின் இல்லாத தண்ணீர் தாராளம். பற்றிக்கொள்ள நீர்ச்செடி வேண்டும். மூடி கட்டாயம், இரவில் பறந்துவிடும்.

அது மூச்சுவிடும் அழகைப் பாருங்கள்: தலை கீழே, பின்நுனி நீர்ப்பரப்பில். மேலிறக்கைக்கு அடியில் காற்றை நிரப்பிக்கொண்டு மூழ்கும். எனவே நீர்மேல் எண்ணெய்ப் படலம் கூடாது. இரையாகப் போடும் மண்புழுத் துண்டின் மிச்சத்தை அன்றே எடுக்காவிட்டால் படலம் வந்துவிடும்.

புழுப் பருவம்தான் சவால். அரிவாள் போன்ற தாடை வழியே இரைக்குள் செரிமான நீரைச் செலுத்தி, கரைந்த சதையை உறிஞ்சும். ஒன்றையொன்று தின்னும், ஆளுக்கொரு பாத்திரம் கொடுங்கள். அசையும் இரையே பிடிக்கும்: கொசுப்புழு, வளர்ந்தபின் தலைப்பிரட்டை. இரையை விட்டுக் கரையேறத் துடித்தால், 10 செ.மீ. ஆழ ஈரமண்ணுக்கு உடனே மாற்றுங்கள். மண்ணைக் குடைந்துதான் கூட்டுப்புழுவாகும். தண்ணீரிலேயே விட்டால் செத்துப்போகும்.