'உங்கள் பிளக்-இன் பழையது' என்று வரும் எச்சரிக்கை: நாம் விடும் பிழைகள்

பரீட்சைப் பெறுபேறு வெளிவரும் நாளில் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் நிற்க இடமிருக்காது. அந்த அவசரத்தில் தேடலில் வந்த ஏதோவொரு தளத்தைத் திறந்தால், திரை நடுவே ஒரு பெட்டி வந்து நிற்கும்: 'உங்கள் ஃபிளாஷ் பிளேயர் பழையது, உடனே புதுப்பிக்கவும்.' இலவசமாகப் படம் காட்டும் தளங்களிலும் இதே கதைதான்.

முதல் பிழை, அதை நம்புவது. பிளக்-இன் என்றால் பிரவுசரோடு சேர்ந்து ஓடும் துணை மென்பொருள். இணையப் பக்கங்களில் வீடியோவும் விளையாட்டும் ஓடவைத்த ஃபிளாஷ் பிளேயரும் அப்படியொன்றுதான். அதை அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாதபடி தடுத்தும் விட்டது. ஜாவா, சில்வர்லைட் போன்ற பிளக்-இன்களைக் குரோம் 2015இலும் பயர்பொக்ஸ் 2017இலும் நிறுத்திவிட்டன. ஆக, இன்றைய பிரவுசரில் புதுப்பிப்பதற்கு அப்படியொரு பிளக்-இன்னே கிடையாது.

நம்பியவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் இந்த எச்சரிக்கை உண்மையாகவே வந்தது. 2015 ஜூலையில் ஃபிளாஷில் பெரிய பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது, பயர்பொக்ஸ் தானே அதை நிறுத்திவைத்தது. புதுப்பிக்கச் சொன்னால் புதுப்பிக்க வேண்டும் என்று அப்போது பழகிய கையைத்தான் கள்ளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2017 ஒக்டோபரில் ரஷ்யா, உக்ரைன் பக்கம் பரவிய 'பேட் ரேபிட்' என்ற தீங்கு மென்பொருள் போலி ஃபிளாஷ் அப்டேட்டாகவே வந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இப்போது ஃபிளாஷின் இடத்தில் 'உங்கள் குரோம் பழையது' என்று எழுதுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த பிழை, பெட்டியை மூடுவதற்காக அதற்குள்ளேயே அழுத்துவது. மூலையில் இருக்கும் பெருக்கல் குறி, 'வேண்டாம்' என்ற பொத்தான் எல்லாமே வெறும் படமாக இருக்கலாம். எதைத் தொட்டாலும் டவுன்லோட் தொடங்கலாம். சந்தேகமென்றால் பெட்டியைப் பிடித்து மேலே முகவரிப் பட்டைவரை இழுத்துப் பாருங்கள். பக்கத்துக்குள் வரைந்த பெட்டி அந்த எல்லையைத் தாண்டாது. சரி, எப்படி மூடுவது? கன்ட்ரோலோடு டபிள்யூவை அழுத்தினால் முழுப் பக்கமும் போய்விடும். அடங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் பிரவுசரையே நிறுத்துங்கள். திரும்பத் திறக்கும்போது 'பழைய பக்கங்களை மீட்கவா' என்று கேட்டால் விட்டுவிடுங்கள்.

'அறிவிப்புகளை அனுமதி' என்பதை அழுத்தியவர்களுக்கு தளத்தை மூடிய பிறகும் எச்சரிக்கை வந்துகொண்டிருக்கும். அது வைரஸ் அல்ல. பிரவுசர் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். ஆனால் ஏதாவது ஒரு தளம், விண்டோஸ் விசையோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, வரும் கட்டளைப் பெட்டியில் எதையாவது ஒட்டச் (பேஸ்ட் செய்யச்) சொன்னால், அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள். எந்த உண்மையான அப்டேட்டும் அப்படிக் கேட்பதில்லை.

பயத்தில் எல்லா அப்டேட்டையும் ஒதுக்குவதும் பிழைதான். குரோமில் மேல் வலது மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'உதவி' வழியாக 'கூகுள் குரோம் பற்றி' என்பதற்குப் போனால் அதுவே பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். அண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோர் போதும். விண்டோஸ் 7 கணினி இன்னும் பாவனையில் இருந்தால், அங்கே குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. இனி அப்டேட் கிடைக்காது என்று பிரவுசரே சொல்வது மெய். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள்.

இதையெல்லாம் விட என்னை வருத்துவது, கடைக் கணினியில் ஏதோ இறங்கி ஓடிய பிறகு வாய்திறக்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் போவது. பின்னால் வருகிறவர் அதே கணினியில்தான் கடவுச்சீட்டு விண்ணப்பம் நிரப்புவார், மகளின் மின்னஞ்சலைத் திறப்பார். திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, கடைக்காரரிடம் சொல்லி முதலில் இணைய இணைப்பைக் கழற்றச் செய்யுங்கள். அப்புறம் உங்கள் போனிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், வங்கியினுடையதை அதற்கடுத்து. என்ன செய்வதென்று இருவருக்கும் புரியாவிட்டால் கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.