ஓவு நகரத்துப் பெண்களை மேடையேற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 415இல் எழுதிய டிராய் பெண்களின் துயரத்தை, நைஜீரிய நாடகாசிரியர் ஃபெமி ஓசோஃபிசான் யொருபா மண்ணின் ஓவு நகரத்துக்குக் கொண்டுவந்தார். அந்த 'விமன் ஆஃப் ஓவு' நாடகத்தைக் கையிலெடுக்கும் புதிய குழுக்கள், முன்பு போட்டவர்கள் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகின்றன. வசனம் மறப்பதும் விளக்கு பிந்துவதும் ஒத்திகையில் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

பாட்டுத்தாளில் தொனிக்குறிகளை விடுவது

கூட்டுக்குழுப் பெண்கள் பாடும் இரங்கற்பாட்டுகள் யொருபாவில் உள்ளன. அந்த மொழியில் தாழ்வு, இடை, உயர்வு என மூன்று தொனிகள் உண்டு. தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். 'ஒகொ' என்பதன் இரண்டு அசையும் இடைத்தொனியில் வந்தால் கணவன். இரண்டாவது அசை ஏறினால் மண்வெட்டி, இறங்கினால் படகு. இரண்டுமே தாழ்ந்தால் ஈட்டி. மெட்டு பிசகினால், கணவனுக்காக அழ வேண்டியவள் அவனைக் கொன்ற ஈட்டிக்காக அழுவாள்.

இது எப்படி நேர்கிறது? பாடலைத் தட்டச்சு செய்பவர், எழுத்தின் மேலுள்ள சாய்கோடுகளும் கீழுள்ள புள்ளிகளும் கணினியில் வரவில்லை என்று விட்டுவிடுகிறார். இசையமைப்பவர் அந்த மொட்டைத் தாளைப் பார்த்து உருக்கமாக ஒரு மெட்டுப் போடுகிறார். மூன்றாவது வாரம் யொருபா தெரிந்த ஒருவர் வந்து உட்காரும்போதுதான் குட்டு உடைகிறது. அதற்குள் மெட்டு தொண்டையில் ஊறிவிட்டதால் பிரித்தெடுக்க முடிவதில்லை.

"யாருக்குப் புரியப்போகிறது?" என்ற சமாதானத்தைத்தான் சகிக்க முடியவில்லை. ஊர், கணவன், பிள்ளை எல்லாம் போய், அடிமைகளாகப் பங்குபோடப்படக் காத்திருக்கும் பெண்கள் இவர்கள். வாயில் மிஞ்சியிருக்கும் சொல்லையாவது விட்டுவைக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது இது. குறிகளைக் கையாலாவது போடுங்கள்: இடப்பக்கம் சாய்ந்த கோடு தாழ்வு, வலப்பக்கம் சாய்ந்தது உயர்வு, குறி இல்லையென்றால் இடை. யொருபா கற்பிப்பவர்கள் இவற்றை தோ, ரே, மீ என்றே சொல்லித்தருவார்கள். முதல் நான்கைந்து நாள் மெட்டே வேண்டாம், தொனியோடு பேசவையுங்கள். பிறகு துந்துன் மேளத்தைச் சேருங்கள். நம் உடுக்கைபோல இடை சிறுத்த மேளம் அது. கக்கத்தில் இடுக்கி வார்களை அழுத்தினால் சுருதி ஏறும், அதனால் பேச்சின் தொனியை அப்படியே பிடிக்கும். அது பேசுவதோடு பாடுபவர் குரல் ஒட்டிய பிறகுதான் மெட்டு. தலைவி எடுத்துக்கொடுக்கும் 'லீலே'யையும் குழு திருப்பும் 'எக்பே'யையும் தாளிலேயே பிரித்துக் காட்டுங்கள். எல்லாரும் எல்லா வரியையும் பாடினால் தலைவி மூச்சை இழுத்து நீட்ட இடமே இருக்காது.

ஜெம்பே

வேண்டாம். அது மாலி, கினி பக்கத்து மேளம்.

ஈராக் காட்சிகளைத் திரையில் ஓட்டுவது

நாடகம் முதலில் மேடையேறியது, ஈராக் போர் நடந்துகொண்டிருந்த 2004இல், இங்கிலாந்தின் சிப்பிங் நார்ட்டனில். விடுவிக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டுப்படையைப் பற்றி அந்தப் பெண்கள் பேசுவதே போதும்.

ஓவுவை அப்பாவியாக்குவது

நேரம் குறைக்க லாவுமி தெய்வத்தின் காட்சியை வெட்டுகிறார்கள். அங்கேதான் கணக்கு இருக்கிறது. 1820களின் தொடக்கத்தில் மற்ற யொருபா அரசுகளான இஜேபு, இஃபே ஆகியவற்றின் படைகளும் ஓயோ அகதிகளும் சேர்ந்து ஓவுவை அழித்தனர். ஆனால் அதற்கு முன்பு இஃபே ஊர்களை எரித்தது ஓவு. லாவுமியின் கோபம் அதிலிருந்து வருகிறது. அதை வெட்டினால் பெண்கள் மேல் விழுந்த தண்டனை வானத்திலிருந்து சும்மா விழுந்ததுபோலாகிவிடும்.

ஒகுனாடேயை மெனலாயஸ் மன்னனாக நடிப்பது

மெனலாயஸ், யூரிப்பிடிஸின் நாடகத்தில் ஹெலனின் கணவனான கிரேக்க மன்னன். அவனுடைய இடத்தில் வரும் ஒகுனாடே மன்னனல்ல. மனைவி இயுன்லோயே பறிபோன பிறகு ஆயுதம் எடுத்த கலைஞன். நடிகர் கைகளிலிருந்து தொடங்கட்டும்.