இங்கிலாந்தில் இருந்துகொண்டு வெளிநாட்டு உதவிக்கு நிதி திரட்ட ஓடுவது எப்படி?

முதல் தடவை நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஷூ வாங்கினேன், அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தேன், வாட்ஸ்அப் குழுவில் என் வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டேன். பணம் வந்தது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்த்ததில் ஓடியதைவிட அதிகம் வியர்த்தது. அரசு தரவேண்டிய கூடுதல் தொகையும் கைநழுவிப் போனது. ஆகவே ஷூ அப்புறம்.

1. பணம் போகும் வழி

இங்கிலாந்தில் பதிவான தொண்டு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் சேரிட்டி கமிஷனின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு எண், ஆண்டு வரவு செலவு எல்லாம் தெரியும். குடிநீர், கழிப்பறைப் பணிகளுக்கு வாட்டர்எய்டு ஓர் உதாரணம். சின்ன நிறுவனமாக இருந்தால் அந்த நாட்டில் வேலையைச் செய்வது யார் என்று கேட்டுவிடுங்கள்.

பதிவு ஏன் முக்கியம் என்றால், கிஃப்ட் எய்டு: நன்கொடைக்கு மேல் அரசு நிறுவனத்துக்குத் தரும் கூடுதல் தொகை. வருமான வரி கட்டுகிறவர் 10 பவுண்டு கொடுத்து நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்டு கட்டத்தில் டிக் செய்தால், நிறுவனத்துக்கு 12.50 கிடைக்கும். கொடுப்பவருக்குக் கூடுதல் செலவில்லை. ஆனால் ஆபீஸில் நாலு பேரிடம் ரொக்கமாக வாங்கி, மொத்தத்தையும் உங்கள் கார்டில் கட்டி டிக் போடக் கூடாது. அது உங்கள் பணம் இல்லையே.

"எங்கள் ஊர்ப் பள்ளிக்கே நேராக அனுப்பலாமே" என்று கேட்பீர்கள். நேராக அனுப்பினால் கிஃப்ட் எய்டு கிடையாது. இந்தியா என்றால் இன்னொரு முடிச்சும் உண்டு: அங்குள்ள அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும், பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் இறங்க வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு அனுப்பி அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

2. ஓட்டம்

புதியவர்களுக்கு 10 கிலோமீட்டர் போதும். கொஞ்சம் துணிந்தவர்களுக்கு நான் சொல்வது கிரேட் நார்த் ரன். 1981 முதல் நடக்கும் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர். நியூகாசிலில் தொடங்கி, டைன் பாலத்தைத் தாண்டி, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரையில் முடியும். இடம் குலுக்கலில் கிடைக்கலாம். இல்லையென்றால் தொண்டு நிறுவனத்தின் ஒதுக்கீட்டில் வாங்கலாம். ஒதுக்கீடு என்றால் குறைந்தது இவ்வளவு திரட்டித் தருவேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு பணம் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

3. நன்கொடைப் பக்கம்

ஜஸ்ட்கிவிங் போன்ற நிதி திரட்டும் தளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தே பக்கத்தைத் திறங்கள். அப்போது பணம் உங்கள் கைக்கு வராமல் அவர்களுக்கே போய்விடும். பணம் தனிநபருக்கே போகும் திரட்டல் பக்கம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள், 20 பவுண்டுக்குக் குறையாமல். பின்னால் வருபவர்கள் மேலே இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள். என் பக்கத்தில் அப்படித்தான் நடந்தது. குழுவில் பொதுவாகக் கேட்டால் கட்டைவிரல் படம்தான் வரும். "அண்ணா, செப்டம்பரில் ஓடுகிறேன்" என்று ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். உங்கள் கம்பெனி நீங்கள் திரட்டியதற்குச் சமமாகத் தருமா என்றும் விசாரியுங்கள். பல இடங்களில் தருவார்கள்.

4. கால்கள்

அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் 'கௌச் டு 5கே' என்ற ஓட்டப் பயிற்சித் திட்டம் இலவசம்: 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, மாறி மாறி. அதன்பின் சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பக்கத்துப் பார்க்ரன்னில், அதாவது வாராவாரம் பூங்காவில் நடக்கும் இலவசக் கூட்டு ஓட்டத்தில், 5 கிலோமீட்டர். அரை மாரத்தானுக்கு அதற்கு மேலும் மூன்று மாதம் வையுங்கள். மூட்டு வலியோ இதயக் கோளாறோ இருந்தால் முதலில் டாக்டர்.

5. ஓட்ட நாள்

புது ஷூ வேண்டாம், புதுச் சாப்பாடும் வேண்டாம். கிரேட் நார்த் ரன் என்றால், டைன் பாலத்தில் கூட்டம் போடும் சத்தத்தில் வேகம் தானாக ஏறும், அடக்கிக்கொள்ளுங்கள். 10 மைலுக்கு மேல் ஜான் ரீட் ரோட்டின் நீண்ட ஏற்றம் காத்திருக்கிறது. நான் அங்கே நடந்தேன், வெட்கமில்லை. வழியோரக் குழந்தைகள் நீட்டும் ஆரஞ்சுத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே பதக்கத்தோடு ஒரு படம் எடுத்து, இன்னும் கொடுக்காதவர்களுக்கு அனுப்புங்கள். பக்கத்தை உடனே மூடிவிடாதீர்கள். எனக்கு வந்த மிகப் பெரிய தொகை, ஓடி முடித்த மூன்றாம் நாள் சித்தப்பா போட்டது.