மருந்து ஆலைக் கழிவுநீர்: செம்பனைக் குளத்துக் கணக்கு இங்கே செல்லாது

மலேசியாவில், சுங்கைப் பட்டாணிப் பக்கம் கழிவுநீர் வேலைக்கு வருகிறவர்கள் பலரும் செம்பனை எண்ணெய் ஆலையில் தொழில் கற்றவர்கள். நானும் அப்படித்தான். அங்கே பி.ஓ.டி. (நீரிலுள்ள கழிவைக் கிருமிகள் தின்னத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் இருந்தாலும் பயமில்லை. குளத்தில் விட்டு நாள் கொடுத்தால் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். அதே தைரியத்தோடு மருந்து ஆலைக்குள் நுழைந்தால் வம்புதான்.

முதல் தவறு, எல்லா நீரையும் ஒரே டேங்கில் சேர்ப்பது. ஆன்டிபயாட்டிக் செய்த கலன் கழுவிய நீர், கரைப்பான் நீர், கேன்டீன் நீர் எல்லாம் ஒன்றாகப் போகும். கிருமியைக் கொல்லச் செய்த மருந்தைக் கிருமிக்கே சாப்பாடாக வைத்தால் என்ன ஆகும்? காற்று ஊதிக் கிருமிகளை வளர்க்கும் ஏரேஷன் டேங்கில் நுரை பொங்கும், கிருமிச் சேறு அடியில் படியாது. கலனின் முதல் கழுவலைத் தனியே பிடியுங்கள். பென்சிலின் வகையென்றால் காரம் சேர்த்துப் பி.எச். ஏற்றினாலே அந்த மருந்துக்கு வீரியம் தரும் பீட்டா-லாக்டம் வளையம் உடைந்து வீரியம் போய்விடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கிடம் அந்த வித்தை பலிக்காது; அதற்கு ஓசோன் போன்றவை வேண்டும்.

பல நேரத்து நீரைக் கலந்து ஒரே சீராக்கும் சமன்படுத்தும் டேங்கைச் சிறிதாகக் கட்டுவதும் தவறு. இன்று உப்பு, நாளை ஆல்கஹால் என்று பேட்ச் மாறும்போது கிருமிகள் தாங்காது.

இரும்பும் பெராக்சைடும் கொண்டு கழிவை ரசாயனமாக உடைக்கும் ஃபென்டன் முறையில் நாங்களே ஏமாந்தோம். பி.எச். 3 அளவில் இரண்டையும் சேர்த்தோம், சி.ஓ.டி. (கழிவை ரசாயனத்தால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) இறங்கவில்லை. இன்னும் ஊற்றினோம், இன்னும் ஏறியது! மிஞ்சிய பெராக்சைடே சோதனையில் சி.ஓ.டி.யாகக் கணக்காகிக்கொண்டிருந்தது. அதை நீக்காமல் அடுத்த டேங்குக்கு அனுப்பினால் அங்குள்ள கிருமிகளும் காலி.

அளவு மீறினால் பைப்புத் தண்ணீரைக் கலந்து விடலாம் என்று யோசனை சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிமுறைப்படி அது குற்றம். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே விடும் நீருக்கு பி.ஓ.டி. வரம்பு லிட்டருக்கு 20 மில்லிகிராம், மற்ற இடங்களில் அதைவிடக் கூடுதல். பினாங்கும் குடிக்கும் சுங்கை மூடா நமக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் வரம்புக்குள் வந்துவிட்டால் மருந்து போய்விட்டது என்று நினைக்காதீர்கள். சி.ஓ.டி. எண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்கைத் தனியே பிரித்துக் காட்டத் தெரியாது. ஹைதராபாத் அருகே படான்செருவில், பல மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது 2007இல் வெளியானது. மருந்து உட்கொண்டவர் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது.

சேறும் அப்படித்தான். செம்பனை ஆலைச் சேற்றைத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டுப் பழகியவர்கள், "ஒரு லோரி குடுங்கண்ணே, வாழைக்குப் போடலாம்" என்று கேட்பார்கள். மருந்து ஆலைச் சேற்றில் மருந்து ஒட்டியிருக்கும். மருந்து உற்பத்திக் கழிவு 2005 விதிமுறையில் அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் ஆபத்தான கழிவு. 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். அண்ணன் தம்பி பார்த்து ஒரு வாளிகூடக் கொடுத்துவிடாதீர்கள்.