மலிவு என்று சொல்லி விற்காதீர்கள்

புதுப் பொருள் வடிவமைப்பவர்கள் நானோ காரின் கதையை ஒருமுறை அலசிப் பார்க்கலாம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்தபடி போன குடும்பத்தைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு இந்த யோசனை வந்தது. 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'ஒரு லட்ச ரூபாய் கார்' அறிமுகமானது. பத்தே ஆண்டுகளில் தயாரிப்பு நின்றுபோனது.

பொறியியலில் அது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாறுகிறவருக்கு அது பயண வசதி மட்டுமல்ல, தெருவில் ஒரு மரியாதையும்கூட. கடன் வாங்கிக் கார் எடுத்தவரிடம் எதிர்வீட்டுக்காரர் 'அந்த மலிவுக் காரா?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? 'மிக மலிவான கார்' என்ற முத்திரை தவறாகிப்போனதைப் பின்னாளில் ரத்தன் டாடாவே ஒப்புக்கொண்டார்.

சின்னச் சின்ன இடைஞ்சல்களும் இருந்தன. தொடக்கத்தில் வந்த கார்களில் சாமான் வைக்கும் பின்கதவு திறக்காது. பெட்டியை வைக்கப் பின்சீட்டை மடக்க வேண்டும். பெட்ரோல் போட முன்பக்க பானெட்டைத் திறக்க வேண்டும்! திறக்கும் பின்கதவு 2015இல்தான் வந்தது.

எனவே மாதிரி தயாரானதும் ஆய்வுக்கூடத்திலேயே வைத்துக்கொண்டிராமல், வாங்கக்கூடிய ஒரு குடும்பத்திடம் ஒரு வாரம் கொடுத்துவிடுங்கள். கருத்துப் படிவம் வேண்டாம். படிவத்தில் எல்லோரும் 'நன்று' என்றுதான் எழுதுவார்கள். காய்கறிப் பையை எங்கே வைக்கிறார்கள், உறவினரிடம் அதை என்ன பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள் என்று கூடவே இருந்து பாருங்கள். விலையைக் கடைசி நாளில் சொன்னால் போதும்.